எடைக்குறைவுக்கு எதிராக

எடை அளவை அலுவலகத்தில் எடைக்குறைவு என்றால் குற்றம். ஒரு கிலோ கேட்டவருக்குக் கடைக்காரர் தொள்ளாயிரத்து ஐம்பது கிராம் கொடுத்தால் அதற்குப் பெயர் எடைக்குறைவு. அதற்குத் தனிப் படிவம், தனிக் கோப்பு, தனி அலமாரி.

முத்திரைக்காரர் இருபத்திரண்டு வருடமாக அந்த அலமாரியை நிரப்பி வந்தார். கடைகளுக்குப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதிப்பார். சரியாக இருந்தால் சுத்தியலால் முத்திரை குத்துவார். தவறாக இருந்தால் பெருக்கல் குறி குத்துவார். அந்தக் குறி விழுந்த தராசில் அதன்பிறகு எதையும் நிறுக்கக் கூடாது. கடைசியாக அவர் குறி குத்தியது அவர் தெருவிலேயே இருந்த மளிகைக்காரரின் ஒரு கிலோ கல்மேல். அறுபது கிராம் குறைவு.

அவருடைய நியமன ஆணையில் பணி விவரம் ஒரே வரி: ‘எடைக்குறைவுக்கு எதிராகச் செயல்படுதல்.’

ஒரு திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. தலைப்பு, ‘எடைக்குறைவே நம் இலக்கு.’

இரண்டு முறை படித்தார். அச்சுப்பிழை என்று முடிவு செய்தார். பேனாவை எடுத்து நடுவில் ‘ஒழிப்பு’ என்ற சொல்லைச் செருகிவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

பத்து நிமிடத்தில் ஆணையர் கூப்பிட்டார்.

ஆணையரின் சட்டை எப்போதும் போலக் கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது. அவர் திரும்பினால் சட்டை சற்றுத் தாமதமாகத் திரும்பும். எதிரே முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்காலி அவருக்குச் சிறியது.

“சுற்றறிக்கையைத் திருத்தினது நீங்களா?”

“ஆமா சார். பிழைன்னு நினைச்சேன்.”

“அது கடைக்காரங்க எடைக்குறைவு இல்ல. நம்ம எடைக்குறைவு. தலைமையகம் இதை ஊழியர் உடல்நல வருஷம்னு அறிவிச்சிருக்கு. எந்த அலுவலகம் மொத்தமா அதிக எடை குறைக்குதோ அதுக்குக் கேடயம். நாம எடை அலுவலகம். இதுல மீன்வளத்துறை ஜெயிச்சா நம்ம முகத்தை எங்க வெச்சுக்கறது? சார்தான் உணவு ஆலோசகர்.”

ஆலோசகர் தலையசைத்தார். “மாவுச்சத்து,” என்றார். பிறகு நிறுத்தினார். அந்தச் சொல் அறையில் தங்கட்டும் என்று காத்திருந்தது போல இருந்தது. “ரொட்டி, அரிசி, உருளைக்கிழங்கு, சர்க்கரை. நாலும் எதிரி. முட்டை, இறைச்சி, வெண்ணெய், கீரை, இவங்க நம்ம ஆளுங்க.”

“பழம் சார்?”

“நண்பன் மாதிரி பழகற எதிரி. ரொம்ப ஆபத்து.”

“இதுல உங்களுக்கு அனுபவம்…”

“இருபது கிலோ குறைச்சிருக்கேன். எட்டுத் தடவை.”

முத்திரைக்காரர் மனதுக்குள் பெருக்கினார். நூற்று அறுபது வந்தது. எதிரே இருந்தவர் தொண்ணூற்றைந்துக்குக் குறைய மாட்டார். எங்கோ கணக்கு உதைத்தது. ஆனால் அது அவர் முத்திரை குத்த வேண்டிய பொருள் இல்லை.

“ஆறு வாரம்,” என்றார் ஆணையர். “ஒவ்வொருத்தரும் நூத்துக்கு அஞ்சு குறைக்கணும். குறைக்காதவங்க துறைமுகக் கிடங்குக்கு. தண்டனைன்னு எடுத்துக்காதீங்க. கடல்காத்து உடம்புக்கு நல்லது.”

துறைமுகக் கிடங்குக்கு மூன்று ரயில் மாற வேண்டும்.

முத்திரைக்காரரும் மனைவியும் கல்யாணமாகி முதல் பதினோரு வருடம் இரண்டு ஊர்களில் இருந்தவர்கள். மனைவிக்கு அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் வேலை. விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் போட்டு, மூன்று வருடமாகத்தான் ஒரே வீட்டில் ஒரே பூட்டுக்கு இரண்டு சாவி வைத்திருந்தார்கள்.

அவர் அன்றே ரொட்டியை விட்டார்.

முதல் நிறுவை பின்பக்கச் சோதனைக்கூடத்தில் நடந்தது. மூட்டை நிறுக்கும் மேடைத்தராசு அங்கே சிமெண்டுத் தரையில் இருந்தது. முள்ளைச் சரிசெய்தவர் முத்திரைக்காரர்தான். அவர் எண்பத்து நான்கு கிலோ. தட்டச்சுக்கார அம்மா அறுபத்திரண்டு. ஆணையர் தன் எடையைச் சத்தமாகப் படிக்க வேண்டாம் என்றார்.

பத்தாவது நாள் மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சுருக்கினாள்.

“யாரு?”

“யாரு யாரு?”

“உங்க மேல நகப்பூச்சு அழிக்கிற மருந்து வாடை அடிக்குது. இந்த வீட்ல நகப்பூச்சு கிடையாது.”

“மாவுச்சத்து இல்லேன்னா மூச்சுல அப்படி வருமாம். ஆலோசகர் சொன்னார்.”

“எனக்குத் தெரியாதா? புத்தகத்துலயே இருக்கு. ஆனா அவளும் இதைத்தானே சொல்லச் சொல்லியிருப்பா?”

மறுநாள், மாவுச்சத்து நின்றால் நிறம் மாறும் சிறுநீர்ச் சோதனைப் பட்டை ஒரு டப்பா கொண்டுவந்தாள். பட்டை ஊதாவாக மாறியது. வெளிச்சத்தில் பிடித்து டப்பாவில் இருந்த நிறங்களோடு ஒப்பிட்டாள். அதன்பிறகுதான் அவருக்கு முட்டை கிடைத்தது. தினமும் காலையில் பட்டை காட்ட வேண்டும் என்பது வீட்டு விதியானது.

அலுவலகத்தில் விதி இன்னும் கடுமை. ஆலோசகர் மாவுக் கண்காணிப்புக் குழு அமைத்தார். அயோடின் பட்டால் மாவு நீலமாகும் என்பது பள்ளிப் பாடம். குழுவினர் இருவர் சொட்டுக்குழாயோடு மேசை மேசையாக வந்து சாப்பாட்டு டப்பாக்களில் அயோடின் விட்டார்கள். கீரையில் விட்டார்கள், முட்டையில் விட்டார்கள். ஒருவர் தன் குழாயை இன்னொருவர் டப்பாவில் விட, அவர் இவர் டப்பாவில் விட, மதிய நேரம் முடிந்துவிடும். அயோடின் விழுந்த சாப்பாட்டை யாரும் சாப்பிடுவதில்லை. இதுவும் எடைக்குறைவுக்கு உதவுகிறது என்று ஆலோசகர் குறிப்பெழுதினார்.

தட்டச்சுக்கார அம்மா மட்டும் சாப்பாட்டு டப்பாவே கொண்டுவரவில்லை.

“பட்டினியா?” என்று கேட்டார் முத்திரைக்காரர்.

“பன்னு,” என்றாள் உதடு அசையாமல். “அச்சு இயந்திரத்துல காகிதம் வைக்கிற தட்டு இருக்கில்ல, அதுல. சூடாவும் இருக்கும்.”

மூன்றாவது வாரம் குழு கோப்புகளையும் சோதித்தது. ஒட்டிய இடமெல்லாம் நீலமானது. பசை மைதாவில் காய்ச்சியது. நாற்பத்தாறு கோப்புகள் மாவு உள்ளவை என்று சிவப்பு நாடா கட்டிப் பூட்டப்பட்டன. அவற்றில் எடைக்குறைவு வழக்குகளும் இருந்தன. கடைக்காரர்கள் விசாரணைக்கு வந்து, கோப்பு உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பதால் அடுத்த மாதம் வரச் சொல்லி அனுப்பப்பட்டார்கள்.

அன்று மாலையே, கோப்பை நீட்டும்போது, குழு மேசையில் விட்டுப்போயிருந்த அயோடின் குப்பி தட்டச்சுக்கார அம்மாவின் கையில் சாய்ந்தது. ஆணையரின் சட்டைக் கழுத்துப்பட்டையில் மூன்று சொட்டு. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கக் கழுத்துப்பட்டை நீலமானது. கருநீலம்.

“ஐயையோ, கை தவறிடுச்சு சார்,” என்றாள்.

குழு அவசரமாகக் கூடியது. ஆலோசகர் ஒரு மணி நேரம் யோசித்துத் தீர்ப்பு சொன்னார். “கஞ்சியில ரெண்டு வகை இருக்கு. உள்ளே போற கஞ்சி, வெளியில நிக்கற கஞ்சி. ஆணையர் மேல இருக்கிறது வெளியில நிக்கறது. அது உணவு இல்ல, பதவி.”

அதற்குள் வாராந்தர நிறுவை விழாவாகியிருந்தது. சிமெண்டுத் தரையில் நின்று எடை பார்ப்பது அலுவலகத்துக்குக் கௌரவமில்லை என்று, இரண்டாம் வாரமே மேடைத்தராசை முன்கூடத்துக்கு நகர்த்தி, கீழே சிவப்புக் கம்பளம் விரித்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் ஏறியதும் ஆலோசகர் எடையை அறிவிப்பார். குறைந்திருந்தால் கைதட்டல்.

எல்லோருக்கும் குறைந்திருந்தது. முத்திரைக்காரர் எழுபத்தொன்பது. தட்டச்சுக்கார அம்மா ஐம்பத்தொன்பது.

“மூணு கிலோ!” என்று ஆலோசகர் அவளைக் காட்டினார். “டப்பாவே கொண்டு வராத வைராக்கியம். இவங்களைப் பாருங்க.”

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு பணிவாகக் கும்பிட்டாள்.

முத்திரைக்காரர் ஐந்து கிலோ சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை மனைவி முதல்முறையாகப் பட்டை கேட்கவில்லை. கச்சிதமாக உடுத்தி இடுப்புப்பட்டையை இழுத்தார். முள் பழைய ஓட்டையில் போய் நின்றது. அடுத்த ஓட்டைக்கு இழுத்துப் பார்த்தார். மூச்சு முட்டியது.

அப்போதுதான் சந்தேகம் வந்தது. சந்தேகப்படுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் தனக்குச் சாதகமான ஒன்றைச் சந்தேகப்படுவது இதுவே முதல்முறை. அது வேறு மாதிரி இருந்தது. பல்லில் ஏதோ மாட்டியது போல இருந்தது.

ஐந்தாவது வாரம் தலைமையக அதிகாரி கேடயத்தோடு வருவதாகத் தகவல் வந்தது. கம்பளத்தின்மேல் இன்னொரு கம்பளம் விரித்தார்கள். அன்றைய நிறுவையில் எல்லோருக்கும் மறுபடி குறைந்தது. முத்திரைக்காரர் எழுபத்தேழு. முட்டை சாப்பிட்டவருக்கும் பன் சாப்பிட்டவருக்கும் கிட்டத்தட்ட ஒரே விகிதம். மனிதர்கள் இவ்வளவு ஒற்றுமையாக எதையும் செய்து அவர் பார்த்ததில்லை.

மதிய இடைவேளையில் கூடம் காலியாக இருந்தது. சோதனைக்கூடத்திலிருந்து இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்கி வந்து தராசில் வைத்தார். ஊரில் உள்ள எல்லாக் கற்களையும் சோதிக்கும் அலுவலகக் கற்களில் ஒன்று அது. அவற்றைச் சோதிக்க ஊரில் வேறு கல் கிடையாது.

முள் பதினெட்டு கிலோ அறுநூறு கிராமில் நின்றது.

மண்டியிட்டுக் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். தராசின் கால்கள் கம்பளத்தில் புதைந்திருந்தன. மேடையின் வயிறு கம்பள மயிரில் உட்கார்ந்திருந்தது. பாரத்தில் ஒரு பங்கைக் கம்பளம் சுமந்துகொண்டிருந்தது.

இன்னொரு மேடைத்தராசு சோதனைக்கூடத்தின் மூலையில் இருந்தது. அதில் அதே கல் சரியாக இருபது. கல்லை இறக்கிவிட்டுத் தான் ஏறினார். எண்பத்திரண்டரை. ஆறு வாரத்தை நெருங்கும் முட்டைக்கும் ஊதாப் பட்டைக்கும் ஒன்றரை கிலோ. மாற்றலுக்குத் தப்பிக்க நான்கு கிலோவுக்கு மேல் குறைந்திருக்க வேண்டும்.

ஆணையரிடம் போய்ச் சொன்னார்.

“கல்லு எவ்வளவு காட்டுச்சு?” என்று கேட்டார் ஆணையர்.

“பதினெட்டு அறுநூறு சார். ஆயிரத்து நானூறு கிராம் கம்மி. தராசு தப்பு.”

ஆலோசகர் முன்னால் சாய்ந்தார். “ஒரு நிமிஷம். அந்தக் கல்லு இந்த அஞ்சு வாரமா எங்க இருந்துச்சு?”

“இங்கதான் சார்.”

“ரொட்டி சாப்பிட்டுச்சா?”

“கல்லு சார் அது.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. ரொட்டி, அரிசி, உருளைக்கிழங்கு, ஏதாவது?”

“இல்ல.”

“அப்ப இளைக்காம என்ன பண்ணும்?”

முத்திரைக்காரர் ஆணையரைப் பார்த்தார். ஆணையர் யோசித்துக்கொண்டிருந்தார். முகத்தில் மெல்ல வெளிச்சம் பரவியது.

“அந்த மாதிரி கல்லு நம்மகிட்ட எத்தனை இருக்கு?”

“நாப்பது சார்.”

“ஆளுங்களை மட்டும் கணக்கெடுத்தா மீன்வளத்துறை நம்மளைவிட இருபது கிலோ முன்னால நிக்குது. நாப்பதையும் நிறுத்துச் சேருங்க.”

“கம்பளத்தை எடுத்துட்டா சரியாயிடும் சார்.”

“கம்பளத்தை எடுத்தா அதிகாரி எதுமேல நடப்பார்?”

ஆணையர் குரலைத் தணித்தார்.

“இங்க பாருங்க. அந்தத் தராசோட முத்திரை இந்த மாசத்தோட முடியுது. புது முத்திரை இல்லாம தலைமையகம் கணக்கை ஏத்துக்காது. விழாவுல அதிகாரி முன்னாடியே நீங்க குத்துறீங்க. கம்பளக் கணக்குல நீங்களும் தப்பிச்சாச்சு. சிமெண்டுக் கணக்குல உங்களுக்குத்தான் துறைமுகம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பட்டை டப்பாவை மூடி அலமாரியில் வைத்தாள்.

“சரியான எடை எவ்வளவு?”

“எண்பத்திரண்டரை.”

“அவ்வளவுதான் இருக்கும்னு நினைச்சேன். கட்டில்ல அப்படித்தான் தெரியுது.” அலமாரிக் கதவைச் சாத்தினாள். “ஆஸ்பத்திரியில மருந்துப்பொடி நிறுக்கிற சின்னத் தராசு இருக்குல்ல. அதுல உங்க முத்திரைதான். குழந்தைங்களுக்குப் பொடி நிறுக்கறப்ப ஒரு தரம் அதைப் பார்த்துக்குவேன். பார்த்தா ஒரு நிம்மதி.”

“அதனால?”

“அதனால ஒண்ணுமில்ல. நகப்பூச்சு வாடைக்கே நான் டப்பா டப்பாவா பட்டை வாங்கினவ. இனிமே அந்தத் தராசைச் சோதிக்க என்ன வாங்கறதுன்னு யோசிச்சேன்.”

விழா நாளன்று கூடத்தில் முதல் வரிசையில் இருபது கிலோ எடைக்கல் ஒரு நாற்காலியில் உட்கார்த்தப்பட்டிருந்தது. அதன்மேல் நாடா. ‘ஒருமுறைகூட மாவுச்சத்து உண்ணாத சக ஊழியர்.’

தலைமையக அதிகாரி கம்பளத்தில் நடந்து வந்தார். மூன்றாவதாக இன்னொன்று விரித்திருந்ததால் சற்றுத் தள்ளாடி வந்தார். ஆணையர் அறிக்கை வாசித்தார். ஊழியர்கள் முப்பத்தொரு பேர், கற்கள் நாற்பது, மொத்தம் இருநூற்றுப் பத்து கிலோ. கற்களின் கட்டுப்பாட்டை மனிதர்கள் பின்பற்ற வேண்டும் என்றார்.

வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. “ஐயா, நானும் ஒண்ணு சொல்லிக்கலாமா?”

மளிகைக்காரர். விசாரணைக்கு அன்று வரச்சொன்னதை யாரும் மாற்றவில்லை. கையில் பெருக்கல் குறி விழுந்த ஒரு கிலோ கல்.

“என் கல்லு அறுபது கிராம் குறையுதுன்னு வழக்குங்க. எனக்கு ஒண்ணும் புரியல. இப்பதான் புரியுது. என் கல்லும் டயட்ல இருக்குங்க. மளிகைக் கடைக்குள்ளயே இருந்துகிட்டு ஒரு மணி அரிசி தொட்டதில்ல. இங்க நாற்காலி போட்டுருக்கீங்க. அதுக்கு மட்டும் எதுக்குங்க வழக்கு?”

ஆணையர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் கூரையைப் பார்த்தார். மளிகைக்காரரின் கல் இளைக்கவில்லை என்றால் நாற்பது கற்களும் இளைக்கவில்லை.

“கோரிக்கை நியாயமானது,” என்றார் ஆணையர். “வழக்கு கைவிடப்படுகிறது.”

அதிகாரி கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். மளிகைக்காரர் கல்லைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனார்.

பிறகு முத்திரைக்காரரை அழைத்தார்கள். அவர் பையைத் திறந்தார். உள்ளே இரண்டு அச்சுகள், ஒரு சுத்தியல். கம்பளத்தில் மண்டியிட்டார். இடுப்புப்பட்டை வயிற்றில் அழுந்தியது. அச்சைத் தராசில் முத்திரை விழும் ஈயப் பொட்டில் வைத்து ஒரே அடி.

பெருக்கல் குறி.

அதிகாரி குனிந்து பார்த்தார். “இது என்ன சின்னம்?”

ஆணையரின் சட்டை அசையவில்லை. “விழாவுக்காகச் சிறப்பு முத்திரை சார்.”

“அழகா இருக்கு,” என்றார் அதிகாரி. கேடயத்தைக் கொடுத்தார். படம் எடுக்கும்போது முத்திரைக்காரரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். கல்லைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார்கள்.

மறுநாள் குற்றக் குறிப்பாணை வந்தது. தட்டச்சுக்கார அம்மாதான் அடித்திருந்தாள். மூலையில் பன் துகள் ஒட்டியிருந்தது. துறைமுகக் கிடங்குக்கு மாற்றல். காரணம் ஒரே வரி: ‘மேற்படி ஊழியர் எடைக்குறைவுக்கு எதிராகச் செயல்பட்டார்.’

“நான் ஒரு எழுத்துகூட மாத்தல சார்,” என்றாள். “அவர் சொன்னதை அப்படியே அடிச்சேன்.”

முத்திரைக்காரர் இரண்டு முறை படித்தார். இந்த முறை எதையும் செருகவில்லை. ஊழியரின் விளக்கம் என்ற கட்டத்தில் ‘உண்மை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மாலை வீட்டுக்குப் போகும் வழியில் மளிகைக் கடையில் நின்றார். மனைவி ரொட்டியும் உருளைக்கிழங்கும் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். நாளைக்கு ரயிலில் சாப்பிட என்றாள். மூன்று ரயிலுக்கும் சேர்த்து.

“ஒரு கிலோ உருளைக்கிழங்கு.”

மளிகைக்காரர் அதே கல்லைத் தட்டில் வைத்து நிறுத்தார். முத்திரைக்காரரின் கண் கல்மேல் நின்றது. மளிகைக்காரர் அதைக் கவனித்தார். இன்னொரு கிழங்கை எடுத்து வைத்தார். பெரிய கிழங்கு. முத்திரைக்காரர் பையை விரித்துப் பிடித்தார்.

“எங்கயாவது பயணமா சார்?”

“மாற்றல்.”

“அடடா. எப்பப் போறீங்க?”

“நாளைக்கு.”

“நல்லபடியா போயிட்டு வாங்க சார்,” என்றார் மளிகைக்காரர். தட்டிலிருந்து அந்தப் பெரிய கிழங்கை எடுத்துக் கூடையில் போட்டார்.